கண்காணா ஒளியும் கைக்கடங்கிய மின்கலமும்

(நம் சங்கத்தின் மார்கழித் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் இலக்கியம் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ முழங்கால் வலிக்குக் கடையில் விற்கும் ஒரு கருவியைப் பற்றியது. இதற்குக் காரணம் உண்டு. நருமதைக் கரையிலுள்ள இந்த ஜபல்பூருக்குக் குளிர்காலம் வந்துவிட்டால், வெயிலில் பிறந்து வளர்ந்த நம் பெரியோர்களின் மூட்டுகள் முதலில் முறையிடுகின்றன. அம்முறையீட்டைக் கேட்டு விற்பனையாளர்களும் வந்துவிடுகிறார்கள். "தொலை அகச்சிவப்பு விளக்கு, மின்கலத்திலேயே இயங்கும், கதிர் எலும்பு வரை ஊடுருவும்" என்பது அவர்கள் கூறும் மந்திரம். சங்கத்தின் நிதியிலிருந்து மூத்தோர் அறைக்கு அத்தகைய கருவிகள் இரண்டு வாங்கலாமா என்று செயற்குழுவினர் வினவினர். உறுப்பினர் சந்தாவாகச் சேர்ந்த பணம் அது. ஆதலின் வாங்குமுன் அறிந்துகொள்ள வேண்டுவன யாவை என்பதை நாம் படித்தறிந்த அளவில் கூற விழைகின்றோம்.

முதலில் அகச்சிவப்பு என்பது யாது? 1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்பார் கதிரவன் ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தி ஏழு நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து எது மிகுதியாகச் சுடுகிறது என்று பார்த்தார். சிவப்பு நிறம் முடிந்த இடத்திற்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தோன்றாத இருளில் வைத்த வெப்பமானி எல்லாவற்றினும் உயர்ந்து நின்றது. கண்காணா ஒளி ஒன்று உண்டு என்பது இவ்வாறே வெளிப்பட்டது. ஹெர்ஷல் இசைத் தொழிலால் வாழ்வு நடத்தியவர்; ஓய்வு நேரத்தில் தாமே தொலைநோக்கி செய்து 1781-இல் யுரேனசு என்னும் கோளைக் கண்டவர். தொழில் ஒன்றாயினும் அறிவு நாட்டம் வேறொன்றில் இருக்கலாம் என்பதற்கு அவர் நமக்கெல்லாம் நல்ல சான்று.

இவ்வொளியை அளக்கும் அலகு மைக்ரான் என்பது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. அதற்கு அப்பாற்பட்டதைப் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் மூன்றாகப் பகுத்துள்ளது: 1.4 மைக்ரான் வரை முதற்பகுதி, 1.4 முதல் 3 வரை இரண்டாம் பகுதி. 3 முதல் 1000 வரை மூன்றாம் பகுதி. கடைக்காரர் 'தொலை அகச்சிவப்பு' என்று விற்பது இம்மூன்றாம் பகுதியைச் சேர்ந்ததையே.

அத்தொலைக் கதிரைத் தருவது எது? இங்கேதான் வியப்பு இருக்கிறது. அதைத் தருவதற்குத் தனியே ஓர் அரிய பொருள் வேண்டுவதில்லை. சூடுள்ள பொருள் ஒவ்வொன்றும் கதிர் வீசிக்கொண்டேயிருக்கிறது. எந்தச் சூட்டில் எந்த அலைநீளம் மிகுதி என்பதை 1893-இல் வீன் என்னும் அறிஞர் ஒரு எளிய விதியாகத் தந்தார். பொருளின் சூட்டைச் சென்டிகிரேடில் எடுத்து அதனோடு 273 கூட்டுக. 2898 என்னும் எண்ணை அக்கூட்டுத்தொகையால் வகுக்க. வரும் ஈவே உச்ச அலைநீளம், மைக்ரான் கணக்கில்.

கணக்கு எழுதுவது நம் தொழில். ஆதலின் கணக்காகவே பார்ப்போம். மருத்துவ நிலையங்களில் காணும் சிவப்புக் குமிழ் விளக்கின் இழை ஏறத்தாழ 2100 பாகையில் எரிகிறது. விதிப்படி அதன் உச்சம் 1.2 மைக்ரான் அளவில் நிற்கிறது. எனவே அது பெரும்பாலும் அண்மைக் கதிர் விளக்கே. 80 பாகை வெந்நீர் நிறைந்த கலத்தின் உச்சம் 8.2 மைக்ரான். 33 பாகைச் சூடுள்ள நம் தோலின் உச்சம் 9.5 மைக்ரான். ஆகவே இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு தொலை அகச்சிவப்பு விளக்கு! ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். இருநூறு பேர் கூடிய இவ்வவையில் வெளியே உள்ள குளிர் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"எங்கள் கருவி 4 முதல் 14 மைக்ரான் வரை கதிர் வீசுகிறது" என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது பொய்யன்று. ஆயினும் உடற்சூட்டில் உள்ள கம்பளியும், வெந்நீர்ச் செம்பும், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லும் அதையே செய்கின்றன. இயல்பாக எல்லாவற்றிற்கும் உள்ளதைத் தனிச்சிறப்பாகக் காட்டி விலை கூட்டுதல் முறையாகுமா? மின்கலமும் இல்லாமல், வெறும் பீங்கான் தூள் தோய்த்த துணியென்று விற்கப்படுவனவற்றை எண்ணிப் பாருங்கள். அத்துணி தன்னிடம் இல்லாத வெப்பத்தைத் தர இயலாது. நம் உடலின் சூட்டையே வாங்கித் திருப்பித் தருகிறது. நல்ல கம்பளிப் போர்வை அவ்வேலையைக் குறைந்த விலையில் செய்யும்.

அடுத்து, மேற்பரப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1804-இல் ஜான் லெஸ்லி என்பார் ஒரு சதுரத் தகரக் கலத்தில் வெந்நீர் ஊற்றி, ஒரு பக்கத்தைக் கரியாக்கி, மற்றொரு பக்கத்தைப் பளபளப்பாக வைத்துச் சோதித்தார். நீர் ஒன்றே, சூடு ஒன்றே. ஆயினும் கரிய பக்கம் மிகுதியாகக் கதிர் வீசிற்று, பளபளப்பான பக்கம் மிகச் சிறிதே வீசிற்று. எனினும் கரிய நிறமே வேண்டும் என்பதில்லை. கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும் பீங்கானும் வண்ணப்பூச்சும் தொலைக் கதிரை நன்றாகவே வீசும். மெருகேறிய உலோகம் மட்டுமே கருமி. எனவே கதிர் வீசும் முகம் மின்னும் உலோகமாக உள்ள கருவியை ஒதுக்கிவிடலாம்.

கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி அண்மைக் கதிரை விடும். தொலைக் கதிரை நிறுத்திவிடும். பாறை உப்பு அவ்வாறன்றி அக்கதிர்களை விடுகிறது என்பதை இத்தாலிய அறிஞர் மெல்லோனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டினார். இதிலிருந்து வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை கிடைக்கிறது. தொலைவிலிருந்து சுடும் கருவியாயின், அதன் முன் கையை நீட்டிச் சூட்டை உணர்க. இடையில் ஒரு சன்னற் கண்ணாடியைச் சில நொடி பிடிக்க. சூடு உடனே மறைந்தால் அது தொலைக் கதிர். பெரும்பாலும் நீடித்தால் அண்மைக் கதிர். நெடுநேரம் பிடித்தால் கண்ணாடியே சூடேறி நம்மை ஏமாற்றும். ஆகையால் சில நொடியே போதும்.

சிறு எல்.இ.டி. மணிகள் வரிசையாகப் பதித்த பலகைகளையும் தொலைக் கதிர் என்று விற்கிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட்டில் உள்ளது 0.94 மைக்ரான் மணி. அது அண்மைக் கதிரே. பல கைப்பேசிகளின் முன்பக்க ஒளிப்படக்கருவி வழியே நோக்கினால் ரிமோட்டின் முனை ஒளிர்வது தெரியும். விற்கவந்த பலகையும் அவ்வாறே ஒளிர்ந்தால் அது தொலைக் கதிர் மணி அன்று என்று துணியலாம். கைப்பேசியின் படக்கருவிக்குத் தொலைக் கதிர் தோன்றவே தோன்றாது.

"எலும்பு வரை ஊடுருவும்" என்னும் உரையை இனி ஆராய்வோம். நம் தோலில் நீர் மிகுதி. நீர் தொலைக் கதிரை ஆர்வத்தோடு உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அக்கதிர் தோலின் மேற்புறத்தில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்திற்குள்ளாகவே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. சில மில்லிமீட்டர் வரை செல்வது அண்மைக் கதிரே. ஆகவே தொலைக் கதிர் எலும்பைத் தொடுகிறது என்பது உண்மைக்கு நேர்மாறு. தோலில் பிறந்த சூட்டைக் குருதியும் தசையும் மெல்ல உள்ளே கொண்டு செல்கின்றன. அது வெந்நீர் ஒற்றடம் செய்யும் வேலையேயாகும். அந்த வேலையை நாம் இகழவில்லை. இதமான சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைச் சிறிது நேரம் தணிக்கிறது. தணிந்த நேரத்தில் நடக்கவும் மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்யவும் முடிகிறது. தேய்ந்த மூட்டை அது வளர்ப்பதில்லை. இவ்வளவே அதனிடம் எதிர்பார்க்கத்தக்கது.

இனி மின்கலத்திற்கு வருவோம். கதிரின் பெயரைக் கேட்டு மயங்குவோர் மின்கலத்தின் கணக்கைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒரு மின்கலத்தின் இருப்பு வாட்-மணி என்பதில் அடங்கும். வோல்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அது வரும். கைப்பேசிக்கு வைத்திருக்கும் 10,000 மில்லி ஆம்பியர்-மணிப் பவர் பேங்கில் உள்ள கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட். ஆகவே அதன் இருப்பு 37 வாட்-மணி. வெளியே கொடுக்கும்போது நேரும் இழப்புப் போகக் கைக்கு வருவது 30 வாட்-மணி அளவே. 10 வாட் இழுக்கும் முழங்கால் பட்டை அதில் மூன்று மணி நேரம் இயங்கும். அரைமணி வீதம் ஆறு முறை என்று கொள்ளலாம், அது போதுமானதே.

தொலைவில் வைத்துச் சுடும் தட்டுக்கோ இக்கணக்கு ஒத்துவராது. பத்துச் சென்டிமீட்டர்ச் சதுரமுள்ள ஒரு கரிய தட்டு 200 பாகையில் இருந்தால், ஒரு முகத்திலிருந்து கதிராக மட்டும் ஏறத்தாழ 28 வாட் போகும். காற்று கொண்டுபோவதும் முதுகுப்புறம் கசிவதும் தனி. மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிக் கலத்தின் இருப்பு 84 வாட்-மணி. அதுவும் இரண்டொரு மணியில் தீரும். தூக்கிச் செல்லவும் கனம். 150 வாட் சிவப்புக் குமிழை அதில் எரித்தால் கணக்குப்படி அரைமணியே. நடைமுறையில் அதனினும் குறைவு. எனவே "மின்கலத்தில் பல மணி நேரம் எரியும் பெருவிளக்கு" என்று ஒருவர் கூறினால், எத்தனை வாட், எத்தனை வாட்-மணி என்னும் இரு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். விடை தெரியாதவரிடம் வாங்க வேண்டா.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையையும் தராசில் ஏற்றிப் பார்ப்போமா? ஒன்றரை லிட்டர் நீர் 60 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஆறும்போது 35 வாட்-மணி வெப்பத்தை விடுகிறது. பவர் பேங்கின் முழு இருப்பு 37 வாட்-மணி என்று இப்போதுதான் கண்டோம். அதாவது, துணி சுற்றிய ஒரு வெந்நீர்ப் பை ஒரு முழு பவர் பேங்கிற்குச் சமம்! அதன் உச்ச அலைநீளமும் ஒன்பது மைக்ரானை ஒட்டியே நிற்கும். விளம்பரம் கூறும் 4 முதல் 14-க்குள் அதுவும் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் மின்கலக் கருவியே வேண்டாமா? அவ்வாறு நாம் கூறவில்லை. வெந்நீர் கிடைக்காத இடத்தில், நடமாடும்போது, நெடும் பயணத்தில் அது உதவும். சென்னைக்குச் செல்லும் வண்டியில் ஓரிரவுக்கு மேல் அமர்ந்து செல்லும் மூட்டு வலிக்காரருக்கு அதன் அருமை தெரியும். ரயில் பெட்டியில் உள்ள மின்செருகி கைப்பேசி போன்ற சிறு கருவிகளுக்கானது. சூடேற்றும் விளக்கையோ வெந்நீர்க் கெண்டியையோ அதில் செருகுதல் தகாது, ஆபத்தும் கூட. விமானத்தில் செல்வோர் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டதாயின் பொதுவாகத் தடையில்லை.

பட்டையாகக் கட்டும் கருவியில் இன்னோர் உண்மையும் உண்டு. அது தோலைத் தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு பெரும்பாலும் தொடுகையாலேயே செல்கிறது. கதிரின் பங்கு சிறிது. ஆகையால் பட்டை வாங்குவோர் கதிரின் பெயருக்குப் பணம் கொடாமல், சூட்டை அடக்கி ஆளும் அமைப்புக்கே பணம் கொடுக்க வேண்டும். இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் குடியிருப்பில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நீரிழிவு உடையவர், சென்ற குளிர்காலத்தில் இத்தகைய பட்டை ஒன்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு உறங்கிவிட்டார். அப்பட்டையில் குறித்த நேரத்தில் தானே நிற்கும் அமைப்பு இல்லை. அவருடைய காலில் உணர்ச்சி மங்கியிருந்தமையால் சூடு மிகுந்ததும் தெரியவில்லை. விடியலில் அவர் மனைவியார் கண்டது கொப்புளம். அப்புண் ஆறுவதற்குள் குளிர்காலமே முடிந்துவிட்டது. வலி தீர வாங்கிய பொருள் வலியைத் தந்தது.

தோலின் பொறுமைக்கு அளவு உண்டு. மோரிட்ஸ், ஹென்ரிக்வெஸ் என்னும் இருவர் 1947-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோல் 60 பாகையில் ஐந்து நொடி அளவிலேயே வெந்துபோகும். 44 பாகையோ நமக்கு இதமாகவே தோன்றும்; எனினும் ஆறு மணி நேரம் இடைவிடாது நின்றால் அதுவும் தோலைக் கெடுக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் தாங்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது. 'இதமாக இருக்கிறது' என்று உறங்கிவிடுவதே பெரும் தீங்கு என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

சூட்டை அளக்கும் வழக்கம் ரயில்வேக்குப் புதிதன்று. வண்டியின் அச்சுப் பெட்டி சூடேறினால் பெருவிபத்து நேரும். முன்னாளில் தொழிலாளர் புறங்கையை வைத்துப் பார்த்தே அதை அறிந்தனர். இன்று அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டி, அச்சுப் பெட்டி வீசும் தொலைக் கதிரைக் கொண்டே அதன் சூட்டை எண்ணாகப் படிக்கிறார்கள். அச்சுப் பெட்டிக்கு நாம் காட்டும் அக்கறையை நம் அன்னையின் முழங்காலுக்குக் காட்டவேண்டாமா? பட்டை கட்டுமுன் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதற்குச் செலவொன்றும் இல்லை. உணர்ச்சி மங்கியவருக்காக அதை வேறொருவர் செய்ய வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றைத் தேர்வு முறையாகத் தொகுத்துரைப்போம்.

ஒன்று: நோக்கத்தை முதலில் முடிவு செய்க. வீட்டில் மின்சாரமும் வெந்நீரும் இருந்தால் மின்கலக் கருவி தேவையில்லை. பயணத்திற்கும் நடமாட்டத்திற்கும் எனில் பட்டையே தகும். மின்கலத்தில் எரியும் பெருவிளக்கு தகாது.

இரண்டு: வாட்டும் வாட்-மணியும் எழுத்தில் உள்ளனவா என்று பார்க்க. ஒன்றை மற்றொன்றால் வகுத்து, எத்தனை மணி நேரம் என்பதை நீங்களே கணக்கிடுக.

மூன்று: சூட்டைக் குறைக்கவும் கூட்டவும் படிநிலைகள் வேண்டும். இருபது அல்லது முப்பது நிமிடத்தில் தானே நிற்கும் அமைப்பு கட்டாயம் வேண்டும். அஃதில்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கற்க.

நான்கு: லித்தியம் கலமாயின் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 16046 என்னும் குறியீடும் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். உப்பிய கலத்தையோ, உறை கிழிந்த கம்பியையோ உடலில் கட்டக்கூடாது.

ஐந்து: நீரிழிவால் உணர்ச்சி மங்கியவர், குருதியோட்டம் குறைந்தவர், புதிதாக அடிபட்டு வீங்கியவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் எவ்வகைச் சூட்டையும் பயன்படுத்தலாகாது. மற்றவரும் ஒரு துணியை இடையில் வைத்தே கட்டுக. சுடர்விடும் சிவப்பு விளக்கைக் கண்ணால் உற்று நோக்கற்க. கண்ணாடி உலைகளின் முன் ஆண்டுக்கணக்கில் நின்ற தொழிலாளருக்குக் கண்புரை மிகுதியாக வந்தது என்பது மருத்துவ நூல்கள் கூறும் செய்தி.

செயற்குழுவினர் கேட்ட கேள்விக்கும் விடை கூறிவிடுகின்றோம். மூத்தோர் அறையில் சுவரில் மின்சாரம் இருக்கிறது. ஆகையால் அங்கே மின்கல விளக்கு வேண்டா. அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நல்ல வெந்நீர்ப் பைகள் சிலவும், உறைத் துணிகளும், ஒரு மின்கெண்டியும் வாங்கலாம். ஊருக்குப் பயணம் செல்லும் முதியோருக்கு இரவல் கொடுக்கத் தானே நிற்கும் பட்டைகள் இரண்டு வாங்கினால் அதுவும் நன்றே. கொடுக்கும்போது பயன்படுத்தும் முறையைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளும் உடன் கொடுக்க வேண்டும். பெட்டியில் வரும் தாள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கிறது. நம் பாட்டிமார் பலருக்கு அது பயன்படுவதில்லை. அத்தாளை எழுதித் தரும் பணியை நாம் மகிழ்வோடு ஏற்றுக்கொள்கின்றோம்.